கம்பத்தைப் பாருங்கள், கம்பி தெரியும்

நேயர்களுக்கு வணக்கம். தேயிலை மலைகளில் ட்ரோன் வைத்து மருந்தடிக்கப் பழகும் பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்பவன் நான். எவ்வளவு மருந்துக்கு எவ்வளவு தண்ணீர், காற்று அடித்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் அவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். மின்கம்பி விஷயம் மட்டும் லேசில் மண்டையில் ஏறுவதில்லை. இன்றைய நேரத்தை அதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஆகாயத்திலிருந்து மருந்து தூவுவது நூறு வருடத்துக்கும் மேற்பட்ட பழக்கம். 1921 ஓகஸ்டில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஜோன் மக்ரெடி என்ற இராணுவ விமானி, புழு விழுந்த கட்டல்பா மரத்தோப்பின் மேல் நஞ்சுத் தூளைக் கொட்டிப் பார்த்தார். அப்புறம் பெரிய வயல்கள் உள்ள நாடுகளில் அது தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. விமானம் பறப்பது பயிருக்கு மேலே மூன்று மீற்றர், மணிக்கு 200 கிலோமீற்றர். கணக்குப் போட்டால் செக்கனுக்கு 55 மீற்றர். நூறு மீற்றருக்கு முன்னால் கம்பியைக் கண்டாலும், திருப்புவதற்கு இரண்டு செக்கன்கூடக் கிடைக்காது.

கம்பியில் மோதிய விமானிகள், அது இருப்பது தெரியாமல்தான் மோதியிருப்பார்கள் என்று நாம் நினைப்போம். அவுஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம் 2001 முதல் 2010 வரை நடந்த இப்படியான விபத்துகளை ஆராய்ந்தது. பாதிக்கும் மேற்பட்ட விமானிகளுக்கு அந்தக் கம்பி அங்கே இருப்பது முன்பே தெரியுமாம்! இடையில் திட்டம் மாறியிருக்கும், யாராவது கூப்பிட்டிருப்பார்கள், மூலையில் விட்டுப்போன துண்டை முடித்துவிடலாம் என்று தோன்றியிருக்கும். புத்தி அந்தப் பக்கம் போன நேரம் பார்த்துக் கம்பி வந்துவிடுகிறது.

கண்ணையும் குறைசொல்லிப் பயனில்லை. பின்னால் மலை இருந்தால் மெல்லிய கம்பி அதற்குள் கரைந்துவிடும். மேலும் கீழுமாக இரண்டு கம்பி ஓடினால், மேலே இருப்பது தூரத்தில் இருப்பதுபோல ஏமாற்றும். லக்ஷபான நீர்மின் நிலையத்திலிருந்து போகும் 132 கிலோவோல்ட் கோபுரங்களைப் பார்த்திருப்பீர்கள். மின்சாரம் ஓடும் தடித்த கம்பிகளுக்கும் மேலே, உச்சியில் ஒரு மெலிந்த கம்பி போகும். மின்னல் விழுந்தால் அதை வாங்கி நிலத்தில் இறக்குவதற்கு. தடித்த கம்பியைக் கண்டு மேலே எழும்பி, இந்த மெலிந்ததில் மாட்டிக்கொண்ட விமானிகள் உண்டு.

ட்ரோனுக்கு அந்த வேகம் இல்லை, உள்ளே ஆளும் இல்லை. ஆனால் நம் மலை வேறு மாதிரி. சமவெளியில் கம்பி தலைக்கு மேலேதான் போகும். பொகவந்தலாவையிலோ மஸ்கெலியாவிலோ இந்த மலையின் விளிம்பில் ஒரு கம்பம் நின்றால், அடுத்தது பள்ளத்தைத் தாண்டி எதிர்மலையில்தான் நிற்கும். நடுவில் ஒன்றுமே கிடையாது. மேலே நின்று ட்ரோனை இறக்குகிற பையனுக்குக் கம்பி காலடிக்குக் கீழே கிடக்கிறது. ட்ரோனோ சரிவை ராடரால் அளந்து, தேயிலையை ஒட்டியே ஏறி இறங்கும். பாறையும் மரமும் ராடருக்குப் படும். மெல்லிய கம்பி எப்போதும் படும் என்று நம்ப முடியாது. “சேர், அது தானா நின்றிரும்” என்பார்கள். நிற்காது தம்பி.

அதனால் கம்பியைத் தேடாமல் கம்பத்தைத் தேடச் சொல்கிறேன். கம்பத்தின் தலையில் கம்பியைத் தாங்கும் பீங்கான் எந்தப் பக்கம் கட்டியிருக்கிறதோ, அந்தப் பக்கம் கம்பி போகிறது. தொழிலாளர் குடியிருக்கும் லயம் இருந்தால் அதற்கு ஒரு வயர் எங்கிருந்தோ வந்தாக வேண்டும். கம்பத்தைச் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே வயரையும் பாருங்கள். பழைய தோட்டமானால் கொழுந்து இறக்கக் கட்டிய கம்பி இன்னும் கிடக்கிறதா என்று கேளுங்கள். யாரிடம் கேட்பது? காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக் களத்தில் நிற்கும் அக்காமாரிடம்தான். வருடக்கணக்காக அந்த மலையில் கொழுந்தெடுத்தவர்களுக்கு, “அந்தா, அந்தச் சவுக்குக்குள்ள ஒரு வயர் போகுது” என்று கைநீட்டிக் காட்டத் தெரியும். வரைபடத்தில் அது இருக்காது.

வேலை நடுவில் எது மாறினாலும் ட்ரோனை இறக்கிவிட்டு யோசியுங்கள். பனி மூடினால் பேச்சே இல்லை, நிறுத்துங்கள். வயருக்குப் பக்கத்து நிரைகளை முதுகில் டேங்க் சுமப்பவர்களே அடிக்கட்டும். அதையும் ட்ரோனே அடிக்க வேண்டும் என்று அவசரப்படுத்தும் தோட்டத்துத் துரைமார் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இது கேட்கட்டும்.

எல்லாம் பார்த்தும் ஒருநாள் மாட்டிக்கொண்டால்? பல இலட்ச ரூபாய்ச் சாமான், கை சும்மா இருக்காது. மூங்கில் கழியால் தட்டி இறக்கப் பார்ப்பார்கள். ஈர மூங்கிலில் மின்சாரம் பாயும். எல்லாரையும் தள்ளி நிற்க வைத்துவிட்டு, மின்சார சபையின் 1987க்கு அழையுங்கள். அவர்கள் லைனை நிறுத்திவிட்டதாகச் சொல்லும்வரை யாரும் கிட்டப் போகக் கூடாது. கீழே மருந்து கொட்டிய நிரைகளில் கொழுந்தெடுக்க வேண்டாம் என்று, வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையிடமும் மறக்காமல் சொல்லிவிடுங்கள். வணக்கம்.