ரத்தப் பரிசோதனை முடிவு வராதபோது

டர்பன் நேயர்களுக்கு வணக்கம். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க் பக்கம் அரசு மருத்துவமனைகளில் ரத்தம் கொடுத்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அந்த ரத்தம் போய்ச் சேரும் இடம் தேசிய சுகாதார ஆய்வகச் சேவை. தென்னாப்பிரிக்க மக்களில் சுமார் 80 சதவீதம் பேர் அதை நம்பித்தான் இருக்கிறார்கள்.

2024 ஜூன் 22 அன்று அதன் கணினிகளுக்குள் ஒரு கும்பல் புகுந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதல் அது. பேக்கப்பையும், அதாவது அவசரத்துக்கு எடுத்துவைத்திருந்த நகலையும், சேர்த்தே அழித்துவிட்டார்கள். மீண்டு வர வாரக்கணக்கில் ஆனது.

சோதனைக் கருவிகள் ஓடின. முடிவு டாக்டரின் திரைக்குப் போகும் வழிதான் அறுந்துபோனது. அவசர முடிவுகளைப் போனில் சொன்னார்கள். குரங்கம்மை பரவிக்கொண்டிருந்த நேரம் வேறு.

போனில் சொல்வது லேசான காரியமா? சிறுநீரக நோயாளி ஒருவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தாக ஏறி 6.8 என்று வைத்துக்கொள்ளுங்கள். தாமதித்தால் இதயமே நின்றுவிடலாம். இரைச்சலான வார்டில் நர்ஸ் அதை எழுதிக்கொண்டு, பெயர், கோப்பு எண், அளவு மூன்றையும் திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். ஒரே வார்டில் மூன்று கோவெண்டர், நான்கு நாயுடு படுத்திருக்கும் ஊர் நம்முடையது.

இதைக் கணினிக்காரர்கள் பாடு என்று ஒதுக்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இது சிகிச்சையைச் சேர்ந்த விஷயம். பாஸ்வேர்டைத் துண்டுச்சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டிவைக்கும் வார்டுகள் உண்டு. அதற்காக நர்ஸைத் திட்டுவது அநியாயம்; மூச்சுத் திணறும் நோயாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யார்தான் நீளமான பாஸ்வேர்டை அடித்துக்கொண்டிருப்பார்? காட்டினால் திறக்கும் அட்டையை நிர்வாகம் கொடுக்கட்டும். பேக்கப்பில் ஒரு பிரதியை நெட்வொர்க்கில் சேர்க்காமல் தனியே வைக்கட்டும். அதிலிருந்து எல்லாவற்றையும் மீட்க முடிகிறதா என்று அவ்வப்போது சோதித்தும் பார்க்கட்டும்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2021 ஜூலை முதல் கட்டாயமாகியுள்ள போப்பியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலத் தகவலுக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. அது களவுபோனால் நோயாளிக்கும் தெரிவித்தாக வேண்டும்.

வீட்டில் சர்க்கரை, கிட்னி, இதய நோய்க்காரர்கள் இருந்தால், ஒவ்வொரு முடிவுக்கும் நகல் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். சாப்பிடும் மாத்திரையின் பெயர், அளவு, ஒத்துக்கொள்ளாத மருந்து, இவற்றை ஒரு தாளில் எழுதி அதோடு சேர்த்து வையுங்கள். ஆயாவுக்கும் தாத்தாவுக்கும் பேரப்பிள்ளைகள் எழுதிக் கொடுங்கள். டாக்டர் படிக்க வேண்டியது, அதனால் இங்கிலீஷிலேயே எழுதுங்கள்.