கேட்டு வாங்கத் தெரிந்தால் கடைச் சாப்பாட்டிலும் எடை நிற்கும்

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரே அமர்ந்திருக்கும் அணியினருக்கும், வேலை முடிந்த கையோடு மண்டபத்துக்கு வந்திருக்கும் சுங்கை சிப்புட் மக்களுக்கும் வணக்கம்.

‘அடிக்கடி கடையில் சாப்பிட்டுக்கொண்டே உடல் எடையைக் கட்டுக்குள் வைத்திருக்க முடியுமா, முடியாதா?’ இதுதான் இன்றைய கேள்வி. முடியும் என்று வாதாட வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் மூன்று காரணங்களை வைத்தார். கடையில் ஊற்றும் எண்ணெய் நம் கையில் இல்லை என்றார். அளவு பெரிது என்றார். வீட்டுச் சோறுதான் ஒரே வழி என்றார். முதல் இரண்டிலும் உண்மை இருக்கிறது, அதை நான் மறைக்கப் போவதில்லை. 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் 54.4 விழுக்காட்டினர் எடை கூடியவர்கள் அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு இது சொந்தக் கவலை. அதனால்தான் ‘கடைக்குப் போகாதே’ என்ற ஒற்றை வரியோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

கடையில் சாப்பிடுவது யார் என்று பாருங்கள் ஐயா. ரப்பர் தோட்டத்தில் லயத்து வீடு இருந்த காலத்தில் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போனவர், ஏறக்குறைய 500 மரம் சீவி, பால் எடுத்து, தோள்கம்பில் தொங்கும் காண்டா வாளியைத் தூக்கி நடந்தார். அந்த உடம்பு கேட்ட சோறு வேறு. இன்று அவருடைய பேத்தி ஈப்போப் பக்கத்துத் தொழிற்சாலைக்கு பஸ் ஏறுகிறாள். இரவு ஏழு மணிக்கு உள்ளே போனால் காலை ஏழு மணிக்குத்தான் வெளியே வருகிறாள். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்தவளிடம், ‘வீட்டுக்குப் போய் அடுப்பை மூட்டு, அதுதான் ஆரோக்கியம்’ என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. அவள் ஒட்டுக்கடையில்தான் பசியாறுவாள். அங்கே எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று சொல்லிக்கொடுப்பதுதான் அவளுக்குச் செய்யும் உதவி.

பசியாறும் மேசையிலிருந்தே தொடங்குகிறேன். இரண்டு ரொட்டி சானாய், பருப்புக் குழம்பு, கெட்டிப்பால் ஊற்றி ஆற்றிய தேநீரான தே தாரிக் ஒன்று. ரொட்டி ஒன்று சுமார் 300 கலோரி. ஏன் அவ்வளவு? மைதா உருண்டையை முதல் நாளே எண்ணெயில் ஊறவைப்பார்கள். வீசி மெல்லிசாக்கும்போது ஒட்டாமல் இருக்க மேலே எண்ணெய், மடித்துக் கல்லில் போட்டதும் இன்னொரு கரண்டி. அந்த அடுக்கு அடுக்கான மொறுமொறுப்பே எண்ணெயால் வருவது. ‘எண்ணெய் குறைச்சுப் போடுங்க’ என்று ரொட்டி போடுபவரிடம் சொன்னால் கல்லில் ஊற்றுவது மட்டுமே குறையும், மாவில் ஊறியது ஊறியதுதான். ஆக இரண்டு ரொட்டி 600, குழம்பு 80, தே தாரிக் 180, மொத்தம் 860 கலோரி. அதே கடையில் இரண்டு தோசை கேட்டால் 400, சாம்பார் 50, தேங்காய்ச் சட்னி ஒரு கரண்டி 50, பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்கில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. மொத்தம் 500. வித்தியாசம் 360. மாதத்தில் 22 வேலை நாள் என்றால் 7,920. உடல் கொழுப்பு ஒரு கிலோவில் இருக்கும் ஆற்றல் சுமார் 7,700 கலோரி. நம் உடல் கணக்குப் புத்தகம் மாதிரி அச்சுப் பிசகாமல் நடக்காது, உண்மைதான். ஆனால் எடை எந்தத் திசையில் போகும் என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது. ஆள் அதே ஆள், கடையும் அதே கடை. மாறியது அவர் கேட்ட இரண்டு பொருள் மட்டும்.

தண்ணி விஷயத்தில், அதாவது சாப்பாட்டோடு குடிக்கும் பானத்தில், கொஞ்சம் நின்று பேச அனுமதி வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் எடை ஏறுவதில் பெரும்பங்கு கிளாசில் இருக்கிறது. கெட்டிப்பாலில் பாதிக்குப் பக்கம் சீனி. தே தாரிக்கில் இரண்டரை மேசைக்கரண்டி விழுந்தால் சீனி 23 கிராம். காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, இரவு இந்திய முஸ்லிம்களின் மாமாக் கடையில் ஒன்று என்று மூன்று கிளாஸ் குடித்தால் 70 கிராமுக்குப் பக்கம் வந்துவிடுகிறது. 2,000 கலோரி உண்பவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்சவரம்பே நாளுக்கு 50 கிராம்தான். 2019 ஜூலை 1 முதல் 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானத்துக்கு தொடக்கத்தில் லிட்டருக்கு 40 காசு வரி போட்டார்கள், நல்ல காரியம். ஆனால் அது போத்தலிலும் டின்னிலும் அடைத்து வரும் பானத்துக்குப் போட்ட வரி. கடையில் ஆற்றிக் கொடுக்கும் தேநீருக்கு அந்தக் கடிவாளம் கிடையாது. அங்கே கடிவாளம் நம் வாய்தான்.

கேட்கும்போது எங்கே பிசகுகிறது தெரியுமா? ‘கூராங் மானிஸ்’, அதாவது இனிப்புக் குறைவாக, என்றால் தண்ணி கலக்குபவர் ஒரு கரண்டியைக் குறைப்பார், அல்லது கைப்பழக்கத்தில் குறைக்க மறந்துவிடுவார். ‘சீனி போடாத தே தாரிக்’ என்று கேட்டால் அவர் சீனி போடமாட்டார், ஆனால் கெட்டிப்பாலை ஊற்றிவிடுவார். இனிப்பே அந்தப் பாலில்தானே இருக்கிறது! வெறும் ‘தே சி’ என்றால் இனிப்பில்லாத டின் பாலோடு சீனியும் சேர்ந்து வரும். பால் வேண்டும், சீனி வேண்டாம் என்றால் ‘தே சி கோசோங்’ என்று மூன்று சொல்லையும் சொல்ல வேண்டும். பாலே வேண்டாம் என்றால் ‘தே ஓ கோசோங்’. ஐஸ் போட்டால் சுவை நீர்த்துப்போகும் என்பதால் இனிப்பைத் தூக்கலாகப் போடுவார்கள், ஆகையால் சூடாகக் கேட்பது நல்லது. மைலோவை நம்பாதீர்கள். ‘மைலோ கோசோங்’ என்றாலும் தூளிலேயே சீனி இருக்கிறது. ஒரே நாளில் விடமுடியாதவர்கள் முதல் இரண்டு வாரம் மூன்றில் ஒரு கிளாசை மட்டும் மாற்றட்டும். நாக்கு பழகிய பிறகு அடுத்ததை மாற்றலாம்.

இனி மத்தியான வாழையிலை. எதிரணிச் சகோதரி, ‘வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து கொட்டுகிறார்கள், எப்படிக் குறைப்பது?’ என்று கேட்டார். நல்ல கேள்வி அம்மா. பரிமாறும் வரிசையைக் கவனித்தால் பதில் அங்கேயே இருக்கிறது. இலை விரித்ததும் முதலில் காய்கறி வரும். சோற்று வாளி வருவதற்குள், ‘தம்பி, கோஸும் கீரையும் இன்னொரு கரண்டி’ என்று கேளுங்கள். பெரும்பாலான கடையில் காய்கறிக்குத் தனிக் காசு இல்லை. இலையில் பாதி இடத்தைக் காய் பிடித்துக்கொள்ள வேண்டும். சுகாதார அமைச்சு சொல்லும் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ அதுதான்: கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, அரைப் பங்கு காய்கறி பழம். ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். மாவில் புரட்டிப் பொரித்த பாகற்காய் காய்க் கணக்கில் வராது, உருளைக்கிழங்குப் பிரட்டல் சோற்றுக் கணக்கில் போகும். கத்தரிக்காயை எண்ணெயில் பொரித்திருந்தால் அது பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்திருக்கும்.

சோறு ஒரு கோப்பை சுமார் 200 கலோரி. இலையில் விழும் முதல் குவியல் இரண்டு கோப்பைக்குக் குறையாது. அகப்பை இலைக்கு மேலே வரும்போதே கையைக் காட்டி ‘பாதி போதும்’ என்று சொல்லிவிடுங்கள். விழுந்த பிறகு ஒதுக்கி வைத்தால், கடைசியில் ரசம் வரும்போது அதுவும் உள்ளே போய்விடும். குழம்பை மேலே ஊற்றச் சொல்லாமல் சின்னக் கிண்ணத்தில் கேளுங்கள். நாசி கண்டார் கடையில் ‘பஞ்சிர்’ என்று சொல்லி நாலைந்து குழம்பைக் கலந்து ஊற்றும்போது, ஒவ்வொரு கரண்டியிலும் மேலே மிதக்கும் எண்ணெய்தான் முதலில் வருகிறது. எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. கிண்ணத்தில் வாங்கினால் அந்தச் சிவப்பு எண்ணெயை ஓரமாக ஒதுக்கிவிட்டு, தெளிவான குழம்பை நாலு தேக்கரண்டி எடுத்துக்கொள்ளலாம். அப்பளம் ஒன்று போதும். ரசத்தைச் சோற்றில் ஊற்றாமல் டம்ளரில் வாங்கிக் குடிக்கலாம். போதும் என்று தோன்றியதும் இலையை மடக்கிவிடுங்கள். வாளிக்காரர் தாண்டிப் போய்விடுவார், உபசரிப்பை மறுக்கும் சங்கடமும் இல்லை.

எண்ணெய் நம் கையில் இல்லை என்ற முதல் வாதத்துக்கு வருகிறேன். சமைப்பவரின் கை நம் கையில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். சமைக்கும் முறையைத் தேர்ந்தெடுப்பது நம்மிடம்தானே இருக்கிறது? பொரிக்கும்போது பண்டத்திலிருந்து நீர் வெளியேறும், அந்த இடத்தை எண்ணெய் பிடித்துக்கொள்ளும். சட்டியிலிருந்து எடுத்து ஆறும் நேரத்தில்தான் அது அதிகமாக உள்ளே போகிறது. ஆவியில் வெந்த இட்லிக்குள் எண்ணெய் போக வழியில்லை. தந்தூரி அடுப்பில் சுட்ட கோழி, இக்கான் பாக்கார் என்னும் சுட்ட மீன், மீன் சூப், கோப்பிக் கடையின் அரைவேக்காட்டு முட்டை இரண்டு, இவையெல்லாம் இதே ஊரில் கிடைப்பவை. தந்தூரிக்கோழியோடு நானை விட்டுவிடலாம். நாசி லெமாக் வேண்டுமா? சின்னப் பொட்டலமும் அவித்த முட்டையும் போதும். சோறே சந்தானில், அதாவது தேங்காய்ப்பாலில், வெந்தது, அதன் மேல் பொரித்த கோழித் தொடையும் ஏறினால் 700 கலோரியைத் தாண்டும்.

வீட்டுச் சாப்பாடு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு கிலோ சமையல் எண்ணெய்ப் பொட்டலத்தை இரண்டரை வெள்ளிக்கு வாங்குகிறோம். நால்வர் உள்ள வீட்டில் அது ஐந்து நாளில் தீர்ந்து, மிச்சம் எதுவும் கொட்டப்படவில்லை என்றால், ஆளுக்கு நாளைக்கு 50 கிராம். அதுவே 450 கலோரி. அம்மா ஊற்றினாலும் மாமாக் கடைக்காரர் ஊற்றினாலும் எண்ணெய் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான்.

இவ்வளவு செய்தும் சிலர் தோற்றுப்போகிறார்களே, ஏன்? பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, இரவு கடையில் சாப்பிடப் போகிறோம் என்று மத்தியானத்தைப் பட்டினி போடுவது. பசி முற்றிய ஆள் மேசையில் உட்கார்ந்ததும் மீ கோரேங்கும் தே ஐஸும்தான் வாயில் வரும். நாலு மணிக்கு ஒரு வாழைப்பழமும் ஒரு முட்டையும் சாப்பிட்டுவிட்டுப் போனால் நிதானமாகக் கேட்க முடியும். இரண்டாவது, தராசைப் பார்த்து மனம் உடைவது. கடையில் சாப்பிட்ட மறுநாள் ஒரு கிலோ கூடியிருக்கும். உப்பு கூடும்போது உடல் நீரைப் பிடித்து வைக்கும், சோறு கூடினாலும் அப்படித்தான். ஒரே இரவில் ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால், வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் சுமார் 25 ரொட்டி சானாய் தின்றிருக்க வேண்டும். தராசு காட்டிய அந்த ஒரு கிலோவை நம்பி ‘எல்லாம் வீண்’ என்று கைவிட்டவர்கள் ஏராளம். வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாள், காலையில் கழிவறை போய்வந்து, எதுவும் சாப்பிடுமுன் எடை பாருங்கள். நாலு வார எண்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். தராசு இல்லாதவர்கள் தையல் நாடாவை எடுக்கட்டும். ஆணுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80, அதற்குள் இருக்க வேண்டும். நம் இனத்தாருக்கு வயிற்றில் கொழுப்பு சீக்கிரம் சேர்வதால் இந்த அளவைத் தாழ்த்தி வைத்திருக்கிறார்கள்.

எதிரணியினர், கடையில் தின்றதை ஓடிக் கரைத்துவிடலாம் என்று நாங்கள் சொல்லப் போவதாக எதிர்பார்த்தார்கள். சொல்லமாட்டேன். இரண்டு ரொட்டியைக் கரைக்க இரண்டு மணி நேரத்துக்குப் பக்கம் நடக்க வேண்டும். சாப்பிட்டதும் பதினைந்து நிமிடம் நடப்பது இரத்தத்தில் சர்க்கரை எகிறுவதைக் குறைக்கும், அதற்காக நடங்கள்.

மணி அடித்துவிட்டது, நடுவர் ஐயா. ஒரே ஒரு எச்சரிக்கை, இதை விட்டுவிட்டு உட்கார எனக்கு மனமில்லை. இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரையைத் தாழ்த்தும் கிளிபென்கிளமைடு, கிளிக்கிளசைடு மாத்திரை எடுப்பவர்களும் நான் சொன்னதைக் கேட்டு நாளைக்கே சோற்றைப் பாதியாக்கிவிட வேண்டாம். மருந்தளவு பழைய சோற்றுக்கு வைத்தது. சோறு குறைந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரக்கூடும். மருந்து அட்டையை எடுத்துக்கொண்டு அரசாங்கக் கிளினிக்குக்குப் போய், ‘சோற்றைக் குறைக்கப் போகிறேன், மருந்தை எப்படி மாற்றுவது?’ என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். அதுவரை வீட்டில் சர்க்கரையைக் குத்திப் பார்த்து எழுதி வையுங்கள். அந்தக் குறிப்பு டாக்டருக்கும் உதவும்.

வணக்கம்.