கோங்க் தங்கச் சிலைக்கு ஏன் ஆம்பளை முகம்?

அடுத்த கேள்வி. "பிரான்ஸ்ல கோங்க் கிராமத்துல இருக்கிற புனித ஃபுவா தங்கச் சிலையோட படம் பார்த்தேன். 12, 13 வயசுல வேதத்துக்காக உயிர விட்ட பொண்ணுங்கறாங்க. முகம் என்னமோ நடுவயசு ராஜா மாதிரி இருக்கே?"

சரியாத்தான் பார்த்திருக்கீங்க. அந்தத் தலை அந்தப் பொண்ணுக்காகச் செஞ்சதே இல்ல. ரோமப் பேரரசு முடியற காலத்துத் தங்கத் தலை அது. 4ஆம் நூற்றாண்டு இல்லன்னா 5ஆம் நூற்றாண்டு. அத எடுத்து இதுல பொருத்திட்டாங்க. அதான் உடம்புக்குத் தலை பெருசா, கொஞ்சம் நிமிர்ந்தாப்புல தெரியுது. உடம்பு யூ மரம், மேல தங்கத் தகடு. மொத்தமே 85 செ.மீ. உயரந்தான். முதுகுப் பக்கம் ஒரு குழி, அதுக்குள்ளதான் மண்டையோட்டுத் துண்டு. ஆக, சிலைங்கறத விட திருப்பண்டப் பேழைன்னு, அதாவது புனிதரோட எலும்பு மாதிரி மிச்சத்த வெச்சிருக்கிற பெட்டின்னு சொல்றதுதான் பொருத்தம். 11ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல அங்க போன ஆன்ஜே ஊர்ச் சாமியார் பெர்னார்டே, 'இது விக்கிரகமாச்சே'ன்னு முதல்ல முகம் சுளிச்சவர்தான். அப்புறம் மனசு மாறி அவரே ஃபுவா செஞ்சதாச் சொல்ற அற்புதங்களத் தொகுத்து எழுதினாரு.

வந்தவங்க காணிக்கையா குடுத்த கல், பழைய ரோமானியச் செதுக்குமணி எல்லாம் மேல மேல பதிச்சுட்டே வந்திருக்காங்க. கையி ரொம்பப் பிந்தி வந்தது. அதனால 'சிலை எந்த நூற்றாண்டு?'ன்னு மொட்டையா கேட்டா பதில் கிடையாது. தலையா, உடம்பா, கையான்னு கேக்கணும்.

அந்த மண்டையோட்டு எலும்பு கோங்குக்கு வந்த வழி இன்னும் சுவாரசியம். திருட்டுதாங்க! 866 வாக்குல கோங்க் துறவி ஒருத்தர் அஜான் நகரத்துல பல வருஷம் நல்லபிள்ளையா இருந்து, அங்க இருந்த ஃபுவா கல்லறையத் திறந்து எடுத்துட்டு வந்தாருன்னு மடத்துக்காரங்களே எழுதி வெச்சிருக்காங்க. அதுக்கு அவங்க வெச்ச பேரு 'இடமாற்றம்'. மலை மடிப்புல ஒதுங்கிக் கிடந்த மடத்துக்குத் திருப்பயணிகள் வரணும்னா பேர்போன திருப்பண்டம் வேணும், அவ்வளவுதான் கணக்கு. கூட்டம் வந்துச்சு. பூசைக்கு இடைஞ்சல் இல்லாம ஜனங்க சுத்தி வர பீடத்துக்குப் பின்னால நடைவழி வெச்சு 11ஆம் நூற்றாண்டுல இப்ப இருக்கிற கோயிலக் கட்ட ஆரம்பிச்சாங்க. பிரெஞ்சுப் புரட்சியில தங்கத்தையெல்லாம் உருக்குனப்போ, ஊர்க்காரங்க பொக்கிஷத்த வீடு வீடாப் பிரிச்சு ஒளிச்சுக் காப்பாத்தினாங்க.

போறவங்களுக்கு ஒண்ணு. கோயிலுக்குள்ள சிலையத் தேடாதீங்க. அது பக்கத்துல பொக்கிஷ அருங்காட்சியகத்துல இருக்கு. கோயில் முகப்பு மேற்கப் பாத்தது, அதனால வாசலுக்கு மேல 124 உருவம் இருக்கிற கடைசித் தீர்ப்புச் சிற்பத்த (உலக முடிவுல கடவுள் எல்லாருக்கும் தீர்ப்பு சொல்ற காட்சி) மதியத்துக்கு மேல பாருங்க, காலையில நிழல் விழுந்துடும். அதுல உங்க இடது கைப் பக்கம், கீழ, புனித ஃபுவா கடவுளோட கைக்கு முன்னால குனிஞ்சு வேண்டறா. பின்னால தொங்கறது, அவ தயவுல விடுதலையான கைதிங்க காணிக்கையா போட்ட விலங்குச் சங்கிலி.