மேடையை விட்டு இறங்கிய நீதிபதி

நேயர்களுக்கு வணக்கம்.

கோர்ட்டுக்குள் ஒருமுறையாவது போனவர்களுக்கு அந்த உயரம் தெரியும். நீதிபதி மேலே, நாம் கீழே. அண்ணாந்து பார்த்துத்தான் பேச வேண்டும். நியூயார்க்கில், புரூக்ளின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் இருந்த ஜாக் வைன்ஸ்டீனுக்கு அது பிடிக்கவில்லை. தண்டனை சொல்லும்போது கறுப்பு அங்கி கிடையாது. சாதாரண கோட்டு சூட்டுதான். மேடையிலிருந்து இறங்கி வந்து ஒரு மேஜையில் உட்காருவார். அதே மேஜையில் வக்கீல்கள், எதிரே குற்றவாளி. ஒருவனைச் சிறைக்கு அனுப்புகிறவர் அவன் கண்ணைப் பார்த்து அதைச் சொல்லட்டுமே!

1921-இல் கான்சஸ் மாநிலத்து விச்சிட்டாவில் பிறந்தார், வளர்ந்தது புரூக்ளினில். சின்னப் பையனாக பிராட்வே நாடகங்களில்கூட நடித்திருக்கிறார். துறைமுகத்தில் வேலை பார்த்துக்கொண்டே இரவுக் கல்லூரியில் படித்தார். இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பலில் இருந்தார். அப்புறம் கொலம்பியாவில் சட்டம் படித்து, அங்கேயே பேராசிரியரும் ஆனார். பள்ளிகளில் நிறப் பிரிவினையை 1954-இல் முடிவுக்குக் கொண்டுவந்த வழக்கில், கறுப்பினத்தவர்களுக்காக வாதாடிய வக்கீல் தர்குட் மார்ஷலின் குழுவுக்கு உதவியவர்களில் இவரும் ஒருவர்.

1967-இல் ஜனாதிபதி ஜான்சன் இவரை நீதிபதியாக்கினார். அங்கே கூட்டாட்சி நீதிபதிக்கு ஓய்வு வயது கிடையாது. முடிகிற வரை உட்காரலாம். இவர் 98 வயது வரை உட்கார்ந்தார்!

மாஃபியா தலைவர்களை உள்ளே தள்ளியிருக்கிறார். ஆனால் சில்லறைப் போதை வழக்குகளில், இத்தனை வருடத்துக்குக் குறையக் கூடாது என்று சட்டமே கையைக் கட்டிப்போட்டபோது, 1993-இல் அந்த வழக்குகளே எனக்கு வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார்.

அவர் பெயரைப் பரப்பியது ஏஜென்ட் ஆரஞ்சு வழக்கு. வியட்நாம் காடுகளின் இலைகளை உதிர்க்க அமெரிக்கப் படை தெளித்த மருந்து அது. பீப்பாயில் ஆரஞ்சுப் பட்டை போட்டிருந்ததால் அந்தப் பெயர். அதில் கலந்திருந்த டையாக்சின் என்ற நச்சால்தான் எங்களுக்கு நோய் வந்தது என்று படைவீரர்கள் ரசாயனக் கம்பெனிகள் மீது வழக்குப் போட்டார்கள். 1984 மே 7-ஆம் தேதி விசாரணை தொடங்க வேண்டும். வைன்ஸ்டீன் இரு தரப்பையும் உட்காரவைத்து விடாமல் நெருக்கினார். தொடங்கச் சில மணி நேரமே இருந்தபோது 18 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. பெரிய தொகைதான். பங்குபோட்டுப் பார்த்தால்தான் விஷயம் தெரியும்: சேர்ந்த வட்டியோடும், சுமார் 52,000 பேருக்கு, சராசரியாக ஆளுக்கு 3,800 டாலர். வழக்கை நடத்தவிட்டிருக்கலாமே என்று பல வீரர்கள் கொதித்தார்கள். நோய்க்கு மருந்துதான் காரணம் என்று காட்டும் சாட்சியம் பலவீனம். நடத்தினால் ஒன்றுமே கிடைக்காமல் போகும் என்பது அவர் கணிப்பு. ஒரு வக்கீலாகக் கேட்டால், கணிப்பு சரி என்றே சொல்வேன்.

இருபது வருடம் கழித்து, அதே மருந்து யார் தலையில் கொட்டப்பட்டதோ அந்த வியட்நாம் மக்களே அவரிடம் வந்தார்கள். 2005 மார்ச்சில், இருநூறு பக்கத்துக்கு மேல் தீர்ப்பு எழுதி, வழக்கைத் தள்ளுபடி செய்தார். தெளித்த காலத்தில் சர்வதேசச் சட்டம் அதைத் தடுக்கவில்லை என்றார். மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. சட்டப்படி அதில் ஓட்டை கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனாலும் கண்ணைப் பார்த்துத் தண்டனை சொன்ன மனிதரின் பேரேட்டில், எனக்கு இந்தப் பக்கம் மட்டும் இன்னும் உறுத்துகிறது.

2021 ஜூனில் காலமானார். நூறுக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

நன்றி, வணக்கம்.