மிஷின் செய்த தப்பா, மனுஷன் செய்த வேலையா?

எல்லோருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் கத்துகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். காசிமேட்டில் 22 வருஷம் டீக்கடை வைத்திருந்தவன் நான், விடியற்காலை நாலு மணிக்கு மீன் செதில் ஒட்டிய சில்லறையை எண்ணி எண்ணியே, தப்பாக அச்சான காசைத் தேடும் இந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது.

நம்ம தங்கசாலைத் தெருவில் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் நிஜமாகவே காசு அடித்தார்கள். இப்போது மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா, இந்த நாலு ஊரில்தான். வருஷத்துக்குக் கீழே வைரக் குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா. கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது. இது தெரியாமல் போன வாரம் ஒரு தம்பி, 'குறி விட்டுப்போன எரர் காசு அண்ணே' என்று ஒரு ரூபாயை நீட்டி ஐயாயிரம் கேட்டார்!

சரி, தப்பு எப்படி வருகிறது? மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு, நடுவில் படம் விழாத வெறும் உலோக வில்லை. வில்லை நகர்ந்து உட்கார்ந்தால் படம் ஒதுங்கி, ஓரத்தில் பிறை மாதிரி வெறுமையாக நிற்கும். அச்சில் விரிசல் விழுந்தால் காசில் மேடான கோடு வரும். கோடு பள்ளமாக இருந்தால் அது யாரோ கீறியது. அப்புறம், சிங்கத்தை நேராகப் பிடித்துப் புத்தகத் தாளைப் புரட்டுவது போல் காசைத் திருப்புங்கள், மறுபக்கமும் நேராக நிற்கவேண்டும். தலைகீழாக நின்றால் எடுத்து வையுங்கள், லேசாகச் சாய்ந்ததற்கெல்லாம் யாரும் பெரிதாகக் கொடுக்கமாட்டார்கள்.

அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டு, அடுத்த வில்லை அதன் மேல் அடிபட்டால், ஒரு பக்கம் ஒழுங்கான படம், மறுபக்கம் அதே படம் கண்ணாடியில் தெரிவது போல் இடவலம் மாறிப் பள்ளமாக விழும். 'பிராக்கேஜ்' என்பார்கள், 'லக்கி' என்றும் சொல்வார்கள். எனக்கு லக் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நடைபாதைக் கடையில் 800 ரூபாய் கொடுத்து ஒன்றை வாங்கி வந்து லென்ஸ் வைத்துப் பார்க்கிறேன், பள்ளமான எழுத்துக்கு அடியில் பழைய படம் மங்கலாகக் கிடக்கிறது, மறுபக்கம் நசுங்கிப் போயிருக்கிறது. இரண்டு காசைச் சேர்த்துப் பட்டறை வைஸில் இறுக்கியிருக்கிறான்! வீட்டில் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள். நடு வில்லை கழன்ற 10 ரூபாயிலும் இதே சந்தேகம் வரட்டும், சுத்தியலால் தட்டிக் கழற்றுகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

விலை? தப்பு பளிச்சென்று கண்ணில் பட வேண்டும், காசு தேயாமல் இருக்க வேண்டும், முக்கியமாக வாங்க ஆள் வேண்டும். புளி போட்டுத் தேய்த்தால் விலை இறங்கும், தயவுசெய்து தேய்க்காதீர்கள் அம்மா. வைஷ்ணவி தேவி படம் போட்ட காசுக்கு லட்சம் தருகிறேன் என்று சொல்லி முன்பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள். தன் பெயரைச் சொல்லிப் பழைய காசுக்குக் கமிஷன், வரி என்று பிடுங்குகிறார்கள் என 2021-ல் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது.

காசு கொண்டுவந்தவர்கள் மேடைப் பக்கம் வாங்க, லென்ஸ் இருக்கிறது. அந்த 800 ரூபாய்க் காசையும் எடுத்து வந்திருக்கிறேன், முதலில் அதைப் பார்த்துவிட்டு உங்கள் காசை எடுங்கள்.