பிடிக்கவில்லை, ஆனாலும் வேண்டும்

வணக்கம். நான் ஒரு மனநல மருத்துவர். குடிநோய்க்குச் சிகிச்சை தரும் பிரிவில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். அங்கே வருகிற குடும்பங்களில் மனைவியோ, அம்மாவோ, சில நேரம் பத்து வயதுப் பிள்ளையோகூட, சுற்றிச் சுற்றி ஒரே கேள்வியில்தான் வந்து நிற்பார்கள். "முன்னாடியெல்லாம் குடித்தால் பாட்டும் சிரிப்புமாக இருப்பார் டாக்டர். இப்போது குடித்துவிட்டு உட்கார்ந்து அழுகிறார். அப்புறம் எந்தச் சுகத்துக்காகக் குடிக்கிறார்?"

ரொம்ப நியாயமான கேள்வி. இன்றைக்கு அதற்கு மட்டும்தான் பதில் சொல்லப் போகிறேன், ஆனால் கொஞ்சம் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதுவில் போதை தருகிற எத்தனால் மிகச் சின்ன மூலக்கூறு. குடித்த சில நிமிடங்களில் ரத்தத்தோடு மூளைக்குள் போய்விடும். மற்ற போதைப் பொருள்களில் பல, மூளையில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் போய் உட்காரும். மது அப்படியில்லை, வீடு முழுக்க நுழைந்து எல்லா ஸ்விட்சிலும் கை வைக்கிற குழந்தை மாதிரி. மூளையை அமைதிப்படுத்துகிற வேதிப்பொருள் காபா, அதன் வேலையை மது கூட்டிவிடும். மூளையை முடுக்கிவிடுகிற வேதிப்பொருள் குளுட்டமேட், அதன் வேலையைக் குறைத்துவிடும். அதாவது பிரேக்கை அழுத்தி, ஆக்சிலேட்டரிலிருந்தும் காலை எடுத்தாயிற்று. கூச்சம், பயம், 'இதைச் சொல்லலாமா' என்கிற யோசனை இதெல்லாம் முதலில் கழன்றுகொள்வது இதனால்தான்.

இதோடு உடம்பே தயாரிக்கிற எண்டார்ஃபினும் சுரக்கும். நரம்பணுக்களில் இப்படிப்பட்ட வேதிப்பொருள்கள் வந்து ஒட்டும் இடங்களை ஏற்பிகள் என்போம். ஓபியம் போய் உட்காருகிற அதே ஏற்பிகளில்தான் இதுவும் உட்காரும். மது குடித்தால் மனித மூளையில் எண்டார்ஃபின் வெளிப்படுகிறது என்பதை 2012-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்பிரான்சிஸ்கோ வளாகத்து ஆய்வாளர்கள் ஸ்கேன் மூலம் காட்டினார்கள். அந்த இதமான, 'எல்லாம் சரியாகிவிடும்' என்கிற உணர்வில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அது மட்டுமல்ல, நடுமூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களைக் கட்டுக்குள் வைத்திருக்கிற காவல் அணுக்களை இந்த எண்டார்ஃபின் தூங்க வைத்துவிடும். காவல் தளர்ந்ததும் டோபமின், நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற பகுதிக்குள் பாயும். இந்தப் பாதையைத்தான் வெகுமதிப் பாதை என்கிறோம்.

டோபமின் என்றதும் 'இன்பம் தரும் ரசாயனம்' என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கள் துறையிலும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தார்கள். 1954-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸும் பீட்டர் மில்னரும் எலியின் மூளைக்குள் மெல்லிய கம்பியைப் பொருத்தி, ஒரு நெம்புகோலை அழுத்தினால் அங்கே லேசாக மின்சாரம் பாயும்படி செய்தார்கள். எலி மறுபடியும் மறுபடியும் அழுத்திக்கொண்டே இருந்தது. இவ்வளவு அழுத்துகிறது என்றால் அவ்வளவு இன்பமாக இருக்கிறது போல என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

அந்த முடிவைக் கலைத்தவர்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ், டெர்ரி ராபின்சன் குழுவினர். எலிகளின் மூளையில் டோபமினைக் கிட்டத்தட்ட முழுவதுமாக அழித்துவிட்டுப் பார்த்தார்கள். அந்த எலிகள் தாங்களாகப் போய்ச் சாப்பிடவே இல்லை, உணவு பக்கத்திலேயே இருந்தாலும் சரி. ஆனால் வாயில் ஒரு துளி சர்க்கரைத் தண்ணீரை விட்டால், நாக்கை நீட்டிச் சப்புக்கொட்டின! மற்ற எலிகள் ரசிப்பது போலவே ரசித்தன. அப்படியானால் பிடிப்பது வேறு, வேண்டும் என்று தோன்றுவது வேறு. மூளையில் இரண்டுக்கும் தனித்தனி ஏற்பாடு. டோபமின் 'வேண்டும்' என்பதன் பக்கம் நிற்கிறது. என் வேலையில் எனக்கு இதைவிட உதவிய ஆராய்ச்சி வேறு கிடையாது என்றே சொல்வேன்.

இன்னொன்றும் உண்டு. வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளுக்கு ஒரு விளக்கைக் காட்டிவிட்டுப் பழச்சாறு கொடுத்தார். ஆரம்பத்தில் சாறு நாக்கில் பட்டபோது டோபமின் அணுக்கள் துடித்தன. விளக்குக்குப் பின் சாறு வரும் என்று பழகிய பிறகு, விளக்கு எரிந்த உடனேயே துடித்தன, சாறு வந்தபோது சும்மா இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் அவற்றின் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே இறங்கிவிட்டது.

இப்போது எனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். குடியை விட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. ஒரு நாள் என் அறையில் பேசிக்கொண்டிருந்தபோது வெளியே யாரோ சோடா பாட்டிலைத் திறந்தார்கள். 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். பேச்சு பாதியில் நின்றுவிட்டது. எச்சிலை விழுங்கினார், உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். "வாய் ஊறுது டாக்டர், எனக்கு அதைப் பார்த்தாலே குமட்டும், ஆனால் ஊறுது" என்றார். அவருக்கு அந்தச் சத்தம்தான் விளக்கு.

குடியில் இன்னொரு சிக்கல் உண்டு. சாறு பழகிப்போனால் டோபமின் அடங்கிவிடும், மூளை அதற்கு மேல் கற்றுக்கொள்ள எதுவும் இருக்காது. மது அப்படி விடாது. பழகிய பிறகும், சுவையைத் தாண்டி, ரசாயனமாகவே உள்ளே போய் டோபமினை ஏற்றிவிடும். 'எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது' என்ற பொய்ச் செய்தி ஒவ்வொரு முறையும் பதிவாகிக்கொண்டே போகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம். பிடிப்பது குறையக் குறைய, வேண்டும் என்பது வளர்ந்துகொண்டே போகும்.

எல்லோருக்கும் இது ஒரே அளவில் நடப்பதில்லை. குடிநோய் வரும் வாய்ப்பில் ஏறக்குறைய பாதி மரபணுவோடு வருவது. "எவ்வளவு குடித்தாலும் நான் ஸ்டெடி" என்று பெருமையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள் இல்லையா? கலிபோர்னியாவில் மார்க் ஷக்கிட் என்ற மருத்துவர் இளைஞர்களைப் பல வருடங்கள் தொடர்ந்து பார்த்தார். ஆரம்ப நாள்களில் மது குறைவாக ஏறியவர்களே பின்னால் அதிகமாகக் குடிநோயில் சிக்கினார்கள். அந்த 'ஸ்டெடி' பலம் இல்லை. போதும் என்று சொல்லும் மணி அவர்களுக்கு மெதுவாக அடிக்கிறது.

அப்புறம் காலை நேரத்துக்கு வருவோம். தினமும் பிரேக் அழுத்தப்பட்டே இருந்தால் மூளை சும்மா இருக்காது, காபா ஏற்பிகளை மந்தமாக்கிவிட்டு, குளுட்டமேட் பக்கத்தை வலுவாக்கிக்கொள்ளும். இரவில் குடித்தது இறங்கியதும் பிரேக் இல்லாத வண்டி முழு வேகத்தில் ஓடும். கை உதறல், வியர்வை, படபடப்பு. தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதியைச் சட்டையில் சிந்திக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த நிலையில் குடிப்பவர் சுகத்துக்குக் குடிக்கவில்லை, உதறல் நிற்கக் குடிக்கிறார். வருடக்கணக்காகத் தினமும் நிறையக் குடிப்பவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தினால் முதல் 2 நாள்களுக்குள் வலிப்பு வரலாம், 2, 3 நாள்களில் நினைவு குழம்பி உயிருக்கே ஆபத்தாகலாம். தயவுசெய்து மருத்துவர் துணையோடு நிறுத்துங்கள், இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

மருந்து இருக்கிறது. பலருக்கு இது தெரியாது என்பது எனக்கு நிஜமாகவே வருத்தம். எண்டார்ஃபின் உட்காரும் இடத்தை அடைத்துவிடும் நால்ட்ரெக்சோனுக்கு அமெரிக்காவில் 1994-லேயே குடிநோய்க்காக அனுமதி கிடைத்துவிட்டது. குடித்தாலும் பழைய இதம் அவ்வளவாகக் கிடைக்காது, அதனால் பலருக்கு ஏக்கமும் மெல்லக் குறையும். நிறுத்தியவர்களுக்கு அகாம்ப்ரோசேட் என்ற மருந்தும் தருகிறோம். யாருக்கு எது சரி என்பது கல்லீரலையும் அவர் சாப்பிடும் மற்ற மருந்துகளையும் பார்த்துத்தான்.

சரி, அந்த மனைவியின் கேள்விக்கு நான் சொல்கிற பதில் இதுதான். "அம்மா, அவர் சுகத்துக்காகக் குடிக்கவில்லை. சுகம் எப்போதோ போய்விட்டது. 'வேண்டும்' மட்டும் தனியாக நின்றுவிட்டது. அவரிடம் போய் 'இதில் என்ன சுகம்' என்று கேட்டால், அவருக்கும் பதில் தெரியாது."

பாட்டில் சத்தத்துக்கு வாய் ஊறியவர் போன மாதம் வந்திருந்தார். ஒரு கல்யாண வீட்டில் பக்கத்து மேசையில் மூடி திறந்திருக்கிறார்கள். எழுந்து மொட்டை மாடிக்குப் போய்க் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாராம். இருபது நிமிடத்தில் அடங்கிவிட்டது, கீழே இறங்கி வந்து சாப்பிட்டேன் என்றார்.