முட்டை மிதக்கும் உப்புத் தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம். பதினொன்றாம் வகுப்பில் வேதியியல் படிக்கும் பிள்ளைகளுக்குக் கரைசல் கணக்கு சொல்லித் தரும்படி கேட்டார்கள். வானொலியில் கரும்பலகை கிடையாது. ஒரே ஒரு வாளியை வைத்துக்கொண்டு பேசுகிறேன். பேனாவும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சம்பாவுக்கு நாற்று விடும் முன் விதைநெல்லை உப்புத் தண்ணீரில் கொட்டிப் பார்ப்பதை நம் வீடுகளில் பார்த்திருப்பீர்கள். பத்து லிட்டர் தண்ணீர், ஒன்றரைக் கிலோ கல்லுப்பு. பதம் பார்க்க அம்மா ஒரு புது முட்டையை விடுவார். முதலில் அடியில் கிடக்கும். உப்பு கரையக் கரைய மெல்ல எழும்பி, ஒரு காசு அளவுக்குத் தலை காட்டும். அப்புறம் நெல்லைக் கொட்டினால் பதரும் கருக்காயும் மேலே வந்துவிடும். அடியில் தங்குவதுதான் விதை. அதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலச வேண்டும், உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெடும்.

சரி, இந்த வாளிக்குள் கணக்கு என்ன? உப்பு கரைபொருள், தண்ணீர் கரைப்பான். இரண்டும் சேர்ந்த கரைசல் பதினொன்றரைக் கிலோ. 1.5-ஐ 11.5-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் நிறை சதவீதம் 13. விடைத்தாளில் பாதிப் பேர் 15 என்று எழுதுகிறார்கள். தண்ணீரால் மட்டும் வகுத்துவிட்டார்கள், உப்பை மறந்துவிட்டார்கள்.

அடுத்து மோல். கவுளி என்றால் நூறு வெற்றிலை என்று நமக்குத் தெரியும். மோலும் அப்படி ஓர் எண்ணிக்கைதான், எண்தான் பெரியது: 6.022 பெருக்கல் பத்தின் 23-ஆம் அடுக்கு. உப்பு என்பது சோடியம் குளோரைடு. அணு நிறை சோடியத்துக்கு 23, குளோரினுக்கு 35.5, ஆக ஒரு மோல் உப்பு 58.5 கிராம். கல்லுப்பைச் சுத்தமான உப்பு என்றே வைத்துக்கொள்வோம். 1500-ஐ 58.5-ஆல் வகுத்தால் வாளியில் சுமார் 25.6 மோல்.

இதைத் தண்ணீரின் எடையான பத்துக் கிலோவால் வகுத்தால் மோலாலிட்டி, 2.56. மோலாரிட்டிக்கு மோலைக் கரைசலின் கொள்ளளவால், லிட்டரில், வகுக்க வேண்டும். அளந்து பார்த்தால் ஏறக்குறைய பத்தரை லிட்டர் இருக்கும். ஆகவே 2.44. சித்திரை வெயிலில் கரைசல் விரிந்தால் மோலாரிட்டி கொஞ்சம் இறங்கும், மோலாலிட்டி அசையாது.

தண்ணீரின் அளவு வேறு, கரைசலின் கொள்ளளவு வேறு என்பதை நான் அசடு வழிந்துதான் கற்றேன். கல்லூரி ஆய்வகத்தில் ஒரு மோலார் கரைசல், அதாவது லிட்டருக்கு ஒரு மோல் உள்ள கரைசல், கேட்டார்கள். 58.5 கிராம் உப்பில் ஒரு லிட்டர் தண்ணீரை அளந்து ஊற்றினேன். ஆசிரியர் குடுவையைத் தூக்கி, ஒரு லிட்டரைக் குறிக்கும் கழுத்துக் கோட்டைக் காட்டினார். தண்ணீர் கோட்டுக்கு மேலே நின்றது. அத்தனையையும் கொட்டச் சொன்னார். குறைந்த தண்ணீரில் உப்பைக் கரைத்துவிட்டு, பிறகுதான் கோடு வரை நிரப்ப வேண்டும்.

நீர்த்தல் கணக்கு எளிது. மோரில் தண்ணீர் விட்டால் கரிப்புதான் குறைகிறது, உப்பு எங்கும் போவதில்லை. நம் வாளியில் ஒரு லிட்டர் எடுத்துப் பத்து லிட்டராக்கினால் அதே 2.44 மோல், மோலாரிட்டி மட்டும் 0.244.

ஒரு வீட்டுக்கணக்கு. கடல்நீர் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. எல்லாமே சோடியம் குளோரைடு என்று கொண்டால் 0.6 மோலார் வருகிறதா, போட்டுப் பாருங்கள். கோடியக்கரைக் கடலில் அந்த முட்டை மூழ்கிவிடும். வேதாரண்யம் உப்பளத்தில், உப்பு பூக்கிற பாத்தியில் விட்டால் மிதக்கும்.